சுட்ட மண்ணும் பச்சை மண்ணும்: நிரலுக்குள்ளிருந்து ஷெல் கட்டளைகளை இயக்குதல்

மேல்நிலை வகுப்பில் கணினி அறிவியல் படிக்கும் நம் மாணவர்கள் பதினொன்றாம் வகுப்பில் விண்டோஸ், உபுண்டு ஆகிய இயக்க அமைப்புகளைப் பயன்படுத்தப் பழகுகிறார்கள். பிறகு சி++ மொழியில் நிரல் எழுதுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் வருகிறது. 2019இல் வெளிவந்த பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலின் 14ஆம் பாடத்தில் ஒரு பைத்தான் நிரல் சி++ நிரலை எடுத்து, நிரல்பெயர்த்து, இயக்கியும் காட்டுகிறது. இந்த வேலையைச் செய்வது "ஓஎஸ்.சிஸ்டம்" என்ற ஒற்றை வரி.

தேர்வு நோக்கில் அந்த வரியை மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்துவிடலாம். ஆனால் ஒரு நிரல் இன்னொரு நிரலை எப்படி அழைக்கிறது, அழைக்கும்போது என்னென்ன தவறலாம் என்பதை மாணவர்கள் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் நம் பாடத்திட்டத்தில் இல்லை. சி++ மொழியிலும் இதே பணிக்கு "சிஸ்டம்" என்ற செயற்கூறு உண்டு. மங்கலம்பேட்டையில் என் மாணவர்களோடு இதை ஒரு சிறு செயல்திட்டமாகச் செய்து பார்த்தேன். அதன் படிகளையும், அதில் எழுந்த கேள்விகளையும் இங்கே பகிர்கிறேன். கணினி ஆசிரியர் அல்லாதவர்களும் தொடரும்படி எழுத முயன்றிருக்கிறேன். தொடக்க வகுப்புகளுக்கான ஒரு விளையாட்டும் பின்னால் வருகிறது.

இரு வகை நிரல்கள்

விருத்தாசலத்தின் பீங்கான் தொழில் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. மண் குழம்பை அச்சில் ஊற்றி, காயவிட்டு, சூளையில் சுட்டு எடுப்பதைப் பலர் நேரில் பார்த்திருக்கிறார்கள். பாடத்தை அங்கிருந்தே தொடங்கினேன்.

காய்ந்த பச்சை மண் பொம்மையைத் தண்ணீரில் போட்டால் மறுபடி குழம்பாகிவிடும். வேறு உருவம் செய்துகொள்ளலாம். சூளையில் சுட்டபின் அது முடியாது. உருவம் நிலைத்துவிடும், உறுதியும் வந்துவிடும். நிரல்பெயர்ப்பி வழியாக உருவாகும் சி++ நிரல் சுட்ட மண் போன்றது. மூல நிரலைத் திருத்தி மறுபடி நிரல்பெயர்த்தால் ஒழிய அதன் நடத்தை மாறாது. வேகமும் அதிகம். ஷெல் நிரல் பச்சை மண். அது வெறும் உரைக் கோப்பு. திறந்து ஒரு வரியை மாற்றிச் சேமித்தால் போதும், அடுத்த முறை புதிய வரிதான் இயங்கும்.

ஷெல் என்றால் ஓடு. இயக்க அமைப்பின் கருவகத்தைச் சுற்றியிருந்து, நாம் தட்டும் கட்டளையை வாங்கி, புரிந்துகொண்டு, கருவகத்திடம் வேலை வாங்கித் தரும் நிரல் அது. யூனிக்ஸின் முதல் ஷெல்லைக் கென் தாம்சன் 1971இல் எழுதினார். 1979இல் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் வந்தது. 1989இல் பிரையன் ஃபாக்ஸ் குனு திட்டத்துக்காக எழுதிய "பேஷ்" வந்தது. இன்று பெரும்பாலான லினக்ஸ் கணினிகளின் முனையத்தில் நாம் பேசுவது இந்தப் பேஷிடம்தான்.

"சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டுமா?" என்று பழமொழி கேட்கிறது. கணினியில் ஒட்டும். ஆனால் ஒட்டும் இடத்தில்தான் விரிசலும் வரும். இந்தப் பாடம் முழுவதும் அந்த ஒட்டும் இடத்தைப் பற்றியது.

"சிஸ்டம்" என்ன செய்கிறது?

1989ஆம் ஆண்டின் சி மொழித் தர வரையறையிலேயே இந்தச் செயற்கூறு இடம்பெற்றுவிட்டது. சி++ அதை அப்படியே எடுத்துக்கொண்டது. அதற்கு ஒரு சரத்தைச் செயலுருபாகத் தருகிறோம். லினக்ஸில் அப்போது நடப்பது இதுதான்:

1. இயங்கிக்கொண்டிருக்கும் நம் நிரல் தன்னைப் போல ஒரு சேய்ச் செயலாக்கத்தை உருவாக்குகிறது.
2. அந்தச் சேய் உருமாறி ஷெல் ஆகிறது.
3. நாம் தந்த சரத்தை ஷெல் படிக்கிறது. இடைவெளி இருக்கும் இடங்களில் வெட்டி, சிறப்புக் குறிகளுக்குப் பொருள் கண்டு, கட்டளைகளை இயக்குகிறது.
4. வேலை முடியும்வரை தாய் நிரல் காத்திருக்கிறது.
5. முடிந்ததும் ஓர் எண் தாய்க்குத் திரும்புகிறது. 0 என்றால் வெற்றி. வேறு எண் என்றால் ஏதோ தடை.

விண்டோஸிலும் இதே கதைதான். ஆனால் அங்கே சேயாக வருவது விண்டோஸின் கட்டளைத் தூண்டி. ஆகவே கட்டளைகளும் வேறு. டெவ் சி++ பயன்படுத்தும் மாணவர்கள் திரையைத் துடைக்கவும், நிறுத்திவைக்கவும் "சிஎல்எஸ்", "பாஸ்" என்று சிஸ்டத்துக்குள் எழுதிப் பழகியிருப்பார்கள். அதே நிரலை உபுண்டுவிலோ, சிடாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸிலோ நிரல்பெயர்த்தால் பிழை ஒன்றும் வராது. இயக்கும்போதுதான் அப்படி ஒரு கட்டளை இல்லை என்று செய்தி வரும். நிரல்பெயர்ப்பிக்கு அந்தச் சரம் வெறும் எழுத்துகள். அதற்குள் என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. மாணவர்கள் மனத்தில் முதலில் பதிய வேண்டியது இதுதான்: சரத்துக்குள் இருப்பது இன்னொரு மொழி. அதைச் சரிபார்க்க இயங்கும் நேரம்வரை யாரும் இல்லை.

எடுத்துக்கொண்ட பணி

செய்முறைத் தேர்வுக்கு முந்தைய மாதங்களில் ஒவ்வொரு மாணவரின் நிரல் கோப்புகளும் ஆய்வகக் கணினிகளில் சேர்ந்துகொண்டே போகும். அவை அழிந்தால் ஓர் ஆண்டு உழைப்பு போய்விடும். எனவே கோப்புகளைப் பாதுகாப்பாக நகலெடுக்கும் ஒரு கருவியைச் செய்வது என்று முடிவு செய்தோம். வரிசை எண்ணைக் கேட்டு வாங்கும் பட்டியல் திரை சி++ நிரலில் இருக்கும். அந்த எண்ணுக்குரிய கோப்புறையைப் பென் டிரைவில் நகலெடுக்கும் வேலையை ஒரு ஷெல் நிரல் செய்யும். லினக்ஸில் கோப்புப் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம் என்பதால் ஷெல் நிரலுக்குச் "சேமி" என்று பெயர் வைத்தோம்.

ஏன் இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று மாணவர்களையே கேட்டேன். பென் டிரைவின் பெயர் மாறும், கோப்புறையின் இடம் மாறும், அதற்காக ஒவ்வொரு முறையும் நிரல்பெயர்க்க முடியாது என்றார்கள். சரியான விடை. அடிக்கடி மாறுவது பச்சை மண்ணில் இருக்கட்டும், மாறாதது சுட்ட மண்ணில் இருக்கட்டும்.

மூன்று சோதனைகள்

பணிக்குள் போகுமுன் மூன்று சிறு சோதனைகளைச் செய்யச் சொன்னேன். ஒவ்வொன்றிலும் முதலில் விடையை ஊகித்து எழுத வேண்டும், பிறகுதான் இயக்க வேண்டும்.

முதல் சோதனை: கோப்புறையை மாற்றும் "சிடி" கட்டளையைச் சிஸ்டத்துக்குள் கொடுத்துவிட்டு, அடுத்த வரியில் ஒரு கோப்பைத் திறக்க வேண்டும். கோப்பு கிடைக்காது. கோப்புறை மாறியது சேய்க்கு மட்டும்தான். சேய் முடிந்ததும் அந்த மாற்றமும் முடிந்தது, தாய் இருந்த இடத்திலேயே இருக்கிறது. சேய்க்குள் அமைக்கும் சூழல் மாறிகளுக்கும் இதே விதிதான். தாயின் கோப்புறை மாற வேண்டுமானால் தாய் நிரலே அதற்கான செயற்கூற்றை அழைக்க வேண்டும்.

இரண்டாம் சோதனை: திரும்பி வரும் எண்ணை அச்சிட வேண்டும். கோப்புறை இல்லாவிட்டால் 3 என்ற எண்ணோடு முடியும்படி "சேமி" நிரலை எழுதியிருந்தோம். ஆனால் லினக்ஸில் திரையில் வந்தது 768. மாணவர்கள் திகைத்தார்கள். 768ஐ 256ஆல் வகுத்துப் பார்க்கச் சொன்னேன், 3 வந்தது. லினக்ஸ் அந்த ஒரே எண்ணில் இரண்டு செய்திகளை வைத்து அனுப்புகிறது. கீழ் எட்டு பிட்டுகளை, ஏதேனும் ஒரு குறுக்கீட்டால் செயலாக்கம் நிறுத்தப்பட்டதா என்ற செய்திக்கு ஒதுக்குகிறது. அதற்கு மேலுள்ள எட்டு பிட்டுகளில் முடிவெண்ணை வைக்கிறது. எட்டு இடம் இடப்பக்கம் நகர்ந்தால் 256ஆல் பெருக்கியதாகும் அல்லவா? பதினொன்றாம் வகுப்பின் இரும எண் பாடம் இங்கே வேலைக்கு வந்தது. ஷெல் நிரலின் பெயரைத் தவறாகத் தட்டினால் 32512 வரும், அதாவது 127 பெருக்கல் 256. ஷெல் வழக்கில் 127 என்றால் கட்டளை கிடைக்கவில்லை. இயக்கும் அனுமதி இல்லாத கோப்பானால் 32256 வரும், அது 126 பெருக்கல் 256. பைத்தானின் ஓஎஸ்.சிஸ்டமும் லினக்ஸில் இப்படியே தருகிறது. விண்டோஸில் மட்டும் 3 என்பது 3 ஆகவே வரும். இரண்டு கணினிகளில் இரண்டு விடை வந்தால் மாணவர் மேல் தவறில்லை என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது.

மூன்றாம் சோதனை: பாடநூலின் பைத்தான் நிரலுக்கு, நடுவில் இடைவெளி உள்ள ஒரு பெயரைக் கொடுக்க வேண்டும். "என் நிரல்" என்று வைத்துக்கொள்வோம். நிரல்பெயர்ப்பி "என்" என்று ஒரு கோப்பையும் "நிரல்" என்று இன்னொரு கோப்பையும் தேடி, இரண்டும் இல்லை என்று சொல்லிவிடும். ஒட்டிய சரத்தில் பெயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது ஷெல்லுக்குத் தெரியாது. இடைவெளி வந்தால் வெட்டிவிடும்.

ஒரு மாணவியின் கேள்வி

இந்த மூன்றாம் சோதனை முடிந்தபோது ஒரு மாணவி கேட்டார்: "சார், இடைவெளிக்கே ஷெல் வெட்டுகிறது என்றால், வரிசை எண் கேட்கும் இடத்தில் ஒருவர் வேறு கட்டளையையே தட்டிவிட்டால்?"

இந்தப் பாடத்தின் உயிரே அந்தக் கேள்விதான். உடனே செய்து பார்த்தோம். எங்கள் முதல் வடிவில் "சேமி" என்ற பெயரோடு பயனர் தட்டியதை ஒட்டி ஒரே சரமாக்கிச் சிஸ்டத்துக்கு அனுப்பினோம். வரிசை எண்ணுக்குப் பதிலாக 12 என்று தட்டி, ஓர் அரைப்புள்ளி வைத்து, தேதியைக் காட்டும் "டேட்" கட்டளையைத் தட்டினார் அவர். பன்னிரண்டாம் எண்ணின் கோப்புகள் நகலாயின. அடுத்து, யாரும் கேட்காத தேதி திரையில் வந்து நின்றது. ஷெல்லில் அரைப்புள்ளி என்றால் "இந்தக் கட்டளை முடிந்தது, அடுத்ததைச் செய்" என்று பொருள்.

தேதி வந்ததால் வகுப்பு சிரித்தது. அந்த இடத்தில் கோப்புகளை அழிக்கும் கட்டளை இருந்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்டதும் சிரிப்பு நின்றது. கோப்புகளைக் காப்பாற்ற எழுதிய கருவியே எல்லாக் கோப்புகளையும் அழித்திருக்கும். அதற்கு அழிக்கும் எண்ணம்கூடத் தேவையில்லை. பெயரிலோ முகவரியிலோ ஷெல்லுக்குப் பொருள்படும் ஒரு குறி தற்செயலாக இருந்தாலே போதும். நாளை இந்த மாணவர்களில் சிலர் மருத்துவமனைக்கோ, வங்கிக்கோ, அரசு அலுவலகத்துக்கோ நிரல் எழுதப் போகிறார்கள். அங்கே தட்டச்சு செய்பவர் வகுப்புத் தோழராக இருக்க மாட்டார்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்தச் சோதனைக்குத் தேதி காட்டுவது போன்ற தீங்கற்ற கட்டளையை மட்டும் பயன்படுத்துங்கள். அழிக்கும் கட்டளையைக் கரும்பலகையில்கூட முழுதாக எழுத வேண்டியதில்லை.

சரிசெய்யும் முறை

நாங்கள் நான்கு படிகளில் சரிசெய்தோம்.

முதலாவது, உள்ளீட்டைச் சோதித்தல். வரிசை எண்ணில் 0 முதல் 9 வரையிலான இலக்கங்கள் மட்டுமே இருக்கலாம். வேறு ஏதேனும் ஒரு குறி இருந்தாலும் நிரல் ஏற்காது. "இவையெல்லாம் கூடாது" என்று பட்டியல் போட்டால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். "இவை மட்டும் ஆகும்" என்று பட்டியல் போடுவதே பாதுகாப்பு.

இரண்டாவது, சரத்தை ஒட்டாமல் செயலுருபுகளைத் தனித்தனியாக அனுப்புதல். லினக்ஸில் "ஃபோர்க்" என்ற செயற்கூறு சேயை உருவாக்கும். "எக்ஸெக்" குடும்பத்துச் செயற்கூறுகள் சேயை வேறு நிரலாக மாற்றும். கட்டளையின் பெயர் ஓர் உறுப்பு, வரிசை எண் இன்னோர் உறுப்பு என்று ஓர் அணியாகத் தருகிறோம். இடையில் சரத்தை வெட்டிப் பொருள் காணும் வேலையே நடப்பதில்லை. அரைப்புள்ளி அரைப்புள்ளியாகவே, வெறும் எழுத்தாகவே போய்ச் சேரும். பைத்தானில் இதற்குச் "சப்பிராசஸ்" தொகுதியின் "ரன்" செயற்கூறு இருக்கிறது. அதற்குக் கட்டளையைச் சரமாகத் தராமல் பட்டியலாகத் தர வேண்டும். ஓஎஸ்.சிஸ்டத்தை விட இதையே பயன்படுத்தும்படி பைத்தானின் ஆவணங்களும் பரிந்துரைக்கின்றன. பாடநூல் நிரலை இந்த முறையில் மாற்றி எழுதுவது நல்ல வீட்டுப்பாடம். "என் நிரல்" என்ற பெயரும் அப்போது சிக்கலின்றி இயங்கும்.

மூன்றாவது, ஷெல் நிரலுக்குள்ளும் கவனம். உள்ளே வரும் மதிப்பை இரட்டை மேற்கோளுக்குள் வைத்தே பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் இடைவெளியில் வெட்டும் பழக்கம் அங்கே மறுபடி தலைகாட்டும்.

நான்காவது, ஷெல் நிரல் கோப்பை யார் திருத்தலாம் என்பதைக் கட்டுப்படுத்துதல். பச்சை மண்ணில் யாரும் கை வைக்கலாம் என்று விட்டுவிட்டால், அதை அழைக்கும் நிரல் எவ்வளவு உறுதியாக இருந்தும் பயனில்லை. படிக்க, இயக்க எல்லோருக்கும் அனுமதி, திருத்த ஆசிரியருக்கு மட்டும் அனுமதி என்று அமைத்தோம்.

உலகம் கற்ற பாடம்

இது பள்ளி ஆய்வகத்தோடு நிற்கும் சிக்கல் அன்று. 2014 செப்டம்பர் 24ஆம் நாள் பேஷ் ஷெல்லில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. கண்டறிந்தவர் ஸ்டெஃபான் ஷாசெலாஸ். "ஷெல்ஷாக்" என்று அதற்குப் பெயர் வந்தது. சூழல் மாறியில் ஒரு செயற்கூற்றின் வரையறையை வைத்து, அதன் பின்னால் ஒரு கட்டளையை ஒட்டி அனுப்பினால், பேஷ் தொடங்கும்போதே அந்தக் கட்டளையை இயக்கிவிட்டது. இணைய வழங்கிகள் பல, வெளியிலிருந்து வரும் தகவலைச் சூழல் மாறிகளில் வைத்து நிரல்களை அழைப்பவை. அந்த நிரல்கள் எந்த மொழியில் எழுதப்பட்டிருந்தாலும், வழியில் எங்காவது பேஷை அழைத்தால் ஆபத்துதான். அந்தப் பிழை பேஷின் தொடக்க ஆண்டான 1989 முதலே அதற்குள் இருந்தது. 25 ஆண்டுகளாக யார் கண்ணிலும் படவில்லை.

டெபியன், உபுண்டு ஆகியவற்றில் சிஸ்டம் செயற்கூறு அழைப்பது பேஷை அல்ல, "டாஷ்" என்ற சிறிய ஷெல்லை. அதனால் அவற்றில் பாதிப்புக்கான வழிகள் சற்றுக் குறைவாக இருந்தன. முனையத்தில் நன்றாக இயங்கிய கட்டளை, நிரலுக்குள் வைத்தால் சில நேரம் பிழை தருவதற்கும் இதுவே காரணம். முனையத்தில் பேசுவது பேஷிடம், நிரல் பேசுவது டாஷிடம். பேஷ் ஏற்கும் இரட்டைச் சதுர அடைப்புச் சோதனை டாஷுக்குப் புரியாது. ஷெல் நிரலின் முதல் வரியில் எந்த ஷெல் வேண்டும் என்று எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் தீரும்.

தொடக்க வகுப்புகளுக்கு ஒரு விளையாட்டு

கணினி இல்லாமலே இந்தக் கருத்தை நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். ஒரு பிள்ளை "தூதர்". சீட்டில் எழுதியிருப்பதை அப்படியே செய்வதே தூதரின் வேலை. "பெட்டியிலிருந்து எடுத்து வா:" என்று எழுதி, மீதியை இன்னொரு பிள்ளையை நிரப்பச் சொல்லுங்கள். "சாக்பீஸ்" என்று எழுதினால் சாக்பீஸ் வரும். "சாக்பீஸ். பிறகு மூன்று முறை கை தட்டு" என்று குறும்பாக எழுதினால் தூதர் கையும் தட்டுவார். வகுப்பு சிரிக்கட்டும்.

இரண்டாம் சுற்றில் முறையை மாற்றுங்கள். கட்டளையை ஆசிரியர் வாயால் சொல்வார். பிள்ளை எழுதிய சீட்டு ஒரு பொருளின் பெயர் மட்டுமே என்பது தூதருக்கு முன்பே தெரியும். இப்போது அதே குறும்புச் சீட்டைக் கொடுத்தால், "சாக்பீஸ். பிறகு மூன்று முறை கை தட்டு" என்ற பெயரில் ஒரு பொருளைப் பெட்டியில் தேடிவிட்டு, இல்லை என்று தூதர் திரும்பிவிடுவார். முதல் சுற்று சிஸ்டம், இரண்டாம் சுற்று எக்ஸெக். பெயர்கள் பிள்ளைகளுக்குத் தேவையில்லை. கட்டளை வேறு, தகவல் வேறு என்ற வேறுபாடு புரிந்தால் போதும்.

எப்போது ஒட்டலாம்?

நிரலுக்குள்ளிருந்து ஷெல்லை அழைப்பதே தவறு என்று மாணவர்கள் முடிவு செய்துவிடக் கூடாது. நன்கு சோதிக்கப்பட்ட ஒரு கருவி ஏற்கெனவே இருக்கிறது, வேலையின் ஒரு பகுதி அடிக்கடி மாறுகிறது என்றால் அழைப்பதே அறிவு. ஆனால் கோப்பை நகலெடுப்பது, கோப்புறை உருவாக்குவது போன்றவற்றுக்கு 2017ஆம் ஆண்டுத் தரத்திலிருந்து சி++ மொழியிலேயே நூலகம் இருக்கிறது. அங்கே ஷெல் தேவையில்லை.

இன்னும் ஒரு குறிப்பு. விண்டோஸ் நோட்பேடில் எழுதிய ஷெல் நிரலை லினக்ஸுக்குக் கொண்டு வந்தால், கோப்பு கண்முன் இருக்கும்போதே "இல்லை" என்று பிழைச் செய்தி வரலாம். விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் கூடுதலாக ஒரு மறை குறியை வைக்கும். அது முதல் வரியிலுள்ள ஷெல்லின் பெயரோடு ஒட்டிக்கொள்வதே காரணம். வரிமுடிவை லினக்ஸ் முறைக்கு மாற்றிச் சேமித்தால் சரியாகிவிடும்.

மாணவர்களை மதிப்பிட

1. சிஸ்டத்துக்குத் தரும் சரத்திலுள்ள பிழையை நிரல்பெயர்ப்பி ஏன் கண்டுபிடிப்பதில்லை?
2. லினக்ஸில் சிஸ்டம் 1280ஐத் திருப்பி அனுப்பினால் ஷெல் நிரலின் முடிவெண் என்ன?
3. சேய்ச் செயலாக்கத்தில் கோப்புறையை மாற்றினால் தாய்க்கு ஏன் மாறுவதில்லை?
4. வரிசை எண்ணுக்குப் பதிலாக மாணவரின் பெயரை வாங்கினால், எந்த எழுத்துகளை மட்டும் ஏற்பாய்? தமிழ்ப் பெயர்களுக்கு உன் விதி பொருந்துமா?
5. பாடநூலின் 14ஆம் பாட நிரலை, இடைவெளி உள்ள கோப்புப் பெயரிலும் இயங்குமாறு மாற்றுக.

நான்காம் கேள்விக்கு ஒரே சரியான விடை இல்லை. முதலெழுத்துக்குப் பின் வரும் புள்ளி, பெயருக்கு நடுவில் வரும் இடைவெளி, தமிழ் எழுத்துகள் என்று வகுப்பில் விவாதம் நீளும். நீளட்டும். ஒருவரின் பெயரை அவர் எழுதும் விதத்திலேயே ஏற்றுக்கொண்டு, நிரலும் உடையாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று மாணவர்கள் யோசிக்கத் தொடங்கிவிட்டால் இந்தப் பாடம் தன் வேலையைச் செய்துவிட்டது.